முதல் ஆளுக்கு மட்டும் மன்னிப்பு

"கூட்டுக் களவாணிங்கள்ல ரெண்டு வகை, டைப்பிஸ்ட். நோட்டீஸ் வந்ததும் காகிதத்தைக் கிழிக்கிறவன் ஒருத்தன். எதையும் தொடாம உக்காந்திருக்கிறவன் ஒருத்தன். யாரைப் பாத்து பயப்படணும்?"

காரை ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டு, எதிரேயிருந்த மாடி ஆபீஸின் வாசலைப் பார்த்துக்கொண்டே கேட்டார் மேடம். வாசலில் கறுப்பு பிளாஸ்டிக் மூட்டைகள் வரிசையாக நின்றன. ஒரு மூட்டை வாயைப் பிளந்திருக்க, கிழித்த காகிதக் கீற்றுகள் நடைபாதை முழுக்கப் பறந்துகொண்டிருந்தன.

"கிழிக்கிறவனைப் பாத்துதான். இதுல என்ன சந்தேகம்?"

"அதான் நீ இன்னும் டைப்பிஸ்ட்டாவே இருக்கே."

நான் டைப்பிஸ்ட் இல்லை. நுகர்வோர் மன்றத்து வாசலில் உட்கார்ந்து, ஓடாத மிக்ஸிக்கும் வெடித்த குக்கருக்கும் புகார் மனு அடித்துக் கொடுத்த காலமெல்லாம் மலையேறிவிட்டது. இப்போது மேடத்தின் உதவியாளன். மேடம் கம்பெனிகளுக்குச் சட்ட ஆலோசகர். என்ன விலை வைக்கலாம், விளம்பரத்தில் எவ்வளவு தூரம் அளக்கலாம், போட்டிக் கம்பெனிக்காரனை வழியில் பார்த்தால் எதைப் பேசக் கூடாது, எல்லாம் சொல்லித் தருவார். சொல்லித் தந்தும் கேட்காமல் மாட்டிக்கொண்டவர்களுக்காகத் துப்பறியவும் செய்வார். ஏமாந்த ஜனங்கள் பக்கம் உட்கார்ந்திருந்தவன் நான், ஏமாற்றியவர்கள் பக்கம் மாறிவிட்டேன். இந்தப் பக்கத்து நாற்காலிக்கு மெத்தை உண்டு.

காலையில் ஆபீஸைத் திறக்கப் போனால், படியிலேயே உட்கார்ந்திருந்தார் பெரியவர். லிஃப்ட் கம்பெனி முதலாளி. ஊரில் மொத்தம் நாலு லிஃப்ட் கம்பெனிகள். ஒன்று இவருடையது. இன்னொன்று இவருடைய தம்பி சின்னவருடையது. மிச்ச இரண்டும் கண்ணாடிக்காரருடையதும் தாடிக்காரருடையதும். போட்டி என்று பெயர், அவ்வளவுதான். ஊரிலிருக்கிற கட்டடங்களை நாலு பேரும் கேக் மாதிரி வெட்டிப் பங்கு போட்டிருந்தார்கள். என் கட்டடத்துக்காரன் உன்னிடம் விலை கேட்டால் நீ தலைசுற்றுகிற மாதிரி ஒரு விலை சொல்லு, உன் கட்டடத்துக்காரனுக்கு நான் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை தோறும் நாலு பேரும் ஷட்டில் மட்டையோடு ஒரு கிளப்புக்குப் போவார்கள். ஒரு சொட்டு வியர்க்காமல் திரும்பி வருவார்கள்.

மாட்டிக்கொண்ட கதைதான் சிரிப்பு. ஒரு அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் பழுதான லிஃப்டுக்காக மூன்று கம்பெனிகளிடம் விலை கேட்டார்கள். மூன்று பேரும் "மொட்டைமாடி மெஷின் ரூமை நேரில் நன்கு பரிசோதித்து" விலை அனுப்பினார்கள். அந்த ரூம் சாவி வாட்ச்மேன் இடுப்பில் தொங்குகிறது. மூன்று பேரில் ஒருத்தன்கூட அவனிடம் சாவி கேட்கவில்லை. சிரிக்காத பாதியும் இருக்கிறது. ஆறாவது மாடியில் சக்கர நாற்காலியில் ஒரு பெண். விலை படியாமல் லிஃப்ட் நின்றுபோனதிலிருந்து அவள் கீழே இறங்கவே இல்லை. அவள்தான் கம்பெனிகளின் கூட்டுச்சதியை விசாரிக்கிற போட்டி ஆணையத்துக்கு எழுதிப் போட்டாள். நேற்று நாலு பேருக்கும் நோட்டீஸ் வந்துவிட்டது.

சட்டம் ரொம்ப எளிது. நாலு பேரில் எவன் முதலில் ஆணையத்துக்குப் போய் எல்லாவற்றையும் கக்கி, மற்ற மூன்று பேரையும் காட்டிக்கொடுக்கிறானோ, அவனுக்குப் பூரண மன்னிப்பு. இரண்டாவதாகப் போகிறவனுக்குப் பாதி அபராதம், சிறை கிடையாது. மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் கம்பெனியும் மிஞ்சாது, ஆளும் வெளியே மிஞ்ச மாட்டான். இதில் ஒரு பொறி உண்டு. முதல் இடம் காலியாக இருக்கிறதா என்று சும்மா விசாரிக்க முடியாது. பெயரைச் சொன்னால்தான் பதில். சொன்ன பெயரைத் திரும்ப வாங்கவும் முடியாது.

"யாராவது எனக்கு முன்னாடி போயிட்டாங்களான்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க மேடம்" என்றார் பெரியவர். "யாரும் போகலைன்னா நான் போறேன். போயிட்டாங்கன்னா வாயே திறக்காம கோர்ட்ல பாத்துக்கறேன். என் தம்பிதான் போயிருப்பான்னு மனசு அடிச்சுக்குது. அவன் என் கையில வளர்ந்தவன்."

"ரெண்டு பேரும் சேர்ந்து முதல் ஆளா போக முடியாது. அது தெரியுமில்ல?"

"தெரியும்" என்று கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் போனபிறகு மேடம் சொன்னார், "கைக்குட்டையில இஸ்திரி மடிப்பு கலையவே இல்ல, கவனிச்சியா?" மனுஷியா இவர்!

"இப்பச் சொல்லுங்க" என்றேன் காரில். "கிழிக்கிறவன் ஏன் ஆபத்தில்ல?"

"போய் ஒப்புக்கிட்டவன் ஒரு துண்டுச் சீட்டைக்கூட அழிக்கக் கூடாது. அழிச்சா மன்னிப்பு ரத்து. அதனால இப்படி மூட்டை கட்டுறவன் நிச்சயம் போகலை. கண்ணாடிக்காரர் கணக்கிலேருந்து கழிஞ்சுட்டாரு."

"தாடிக்காரர்?"

"ராத்திரியிலேருந்து நெஞ்சுவலின்னு ஆஸ்பத்திரியில படுத்திருக்காரு. வக்கீலும் கூடவே உக்காந்திருக்காராம். டாக்டரைவிட வக்கீல் பக்கத்துல இருந்தா அது என்ன நோய்?"

"பயம்."

"பரவாயில்லையே! மன்னிப்பு கிடைச்சவனுக்கு எதுக்குப் பயம்? அவரும் போகலை. மிச்சம் ஒருத்தர்தான். வண்டியை எடு."

சின்னவரின் ஆபீஸ் மூன்றாவது மாடியில். கீழே லிஃப்ட் கதவில் 'பழுது' என்று அட்டை தொங்கியது. லிஃப்ட் கம்பெனி ஆபீஸிலேயே லிஃப்ட் ஓடவில்லை! மூச்சு வாங்க ஏறினேன். சின்னவர் ஊரறிந்த பயந்தாங்கொள்ளி. லிஃப்ட் விற்கிற மனுஷன், தன் வாழ்நாளில் லிஃப்டில் ஏறியதில்லை என்று பெரியவரே சொல்லிச் சிரித்திருக்கிறார்.

இரண்டாவது மாடியில் நின்று மேடம் மெதுவாகச் சொன்னார். "ஒரே ஒரு கேள்வி கேக்கப் போறேன். இந்த வெள்ளிக்கிழமை ஷட்டில் உண்டான்னு. ஆணையத்துக்குப் போனவனுக்கு அவங்க முதல்ல சொல்றது என்ன? மத்தவங்களுக்குச் சந்தேகம் வராம வழக்கம்போல நடந்துக்கோ. அதனால போனவன் 'ஆமா, நடக்கட்டும்'பான். போகாதவன் அலறுவான்."

மேலே போனால் எனக்கே குழப்பம். வரவேற்பில் இருந்த பெண் சிரித்து வரவேற்றாள். போன்கள் அடித்தன, எடுத்தார்கள், பேசினார்கள். ஒரு காகிதம் கிழியவில்லை. குப்பைக்கூடையில் ஒரு பென்சில் சீவல் மட்டும். உள்ளே சின்னவர் டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். மேசை துடைத்து வைத்தது போல இருந்தது. நோட்டீஸ் நடுவில், பேப்பர்வெயிட்டுக்கு அடியில்.

மேடத்தின் காதில் கிசுகிசுத்தேன். "போயிட்டான் மேடம். சத்தியமா போயிட்டான்."

"வாயை மூடு."

"வாங்க மேடம், வாங்க சார், உக்காருங்க" என்று எழுந்தார் சின்னவர். "டீ சொல்லவா? அண்ணன் அனுப்பினாரா?"

மேடம் உட்காரவில்லை. "முதல்ல ஒண்ணு சொல்லணும். நான் உங்க அண்ணன் கம்பெனிக்கு வக்கீல். உங்களுக்கு இல்ல. நீங்க எங்கிட்ட சொல்ற எதையும் நான் உங்க அண்ணன்கிட்ட சொல்லுவேன். அவருக்குச் சாதகமா பயன்படுத்துவேன். புரியுதா?"

சின்னவர் சிரித்துவிட்டார். மனசு விட்டுச் சிரித்தார். "என்ன மேடம் நீங்க! அண்ணன் வேற, நான் வேறயா?"

"சட்டப்படி வேற."

"சட்டம் கிடக்குது. உக்காருங்க."

மேடம் உட்கார்ந்தார். "வெள்ளிக்கிழமை ஷட்டில் உண்டா?"

டீ சட்டையில் கொட்டியது. "ஐயய்யோ! வேண்டவே வேண்டாம்! யாரு கேட்டது? தாடியா? அந்த மட்டையைக் கண்ணால பாக்கவே பிடிக்கலை மேடம். நேத்து நோட்டீஸ் வந்ததுலேருந்து சோறு இறங்கலை. சம்சாரம் பசங்களைக் கூட்டிக்கிட்டு அவங்க அம்மா வீட்டுக்குப் போறேன்னு நிக்கறா. எனக்கு ஜெயில்னா சம்சாரமும் ரெண்டு பசங்களும் தெருவுலதான். எனக்கு வேற தொழில் தெரியாது, தலைமறைவாப் போகவும் தைரியம் கிடையாது."

நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் துடைத்து வைத்த மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவு பயம் இருக்கு. ஆனா ஒரு காகிதத்தைக்கூடத் தொடலை. போனையும் ஆஃப் பண்ணலை. எப்படி?"

"அண்ணன்தான் காலையில விடியறதுக்குள்ள கூப்பிட்டாரு. 'எதையும் கிழிக்காதே, எங்கேயும் போகாதே, யார்கிட்டேயும் பேசாதே, வக்கீல் வெக்காதே. அசையாம உக்காரு, நான் பாத்துக்கறேன்'ன்னாரு. அதோட என் பயமெல்லாம் போச்சு." சின்னவர் சட்டையைத் துடைத்துக்கொண்டே முகம் மலர்ந்தார். "எனக்கு ஏழு வயசிருக்கும். அப்பா புதுசா போட்ட லிஃப்ட்ல தனியா மாட்டிக்கிட்டேன். நடுவுல நின்னுபோச்சு. கும்மிருட்டு. கத்திக் கத்தித் தொண்டை போச்சு. அண்ணன்தான் கதவுக்கு வெளியே நின்னு பேசிக்கிட்டே இருந்தாரு. 'அசையாம உக்காரு, நான் பாத்துக்கறேன்'ன்னு. அதே வார்த்தை மேடம்! அன்னைக்கும் அவர்தான் காப்பாத்தினாரு. இன்னைக்கும் பாத்துப்பாரு."

எனக்கு உள்ளே ஏதோ சுருக்கென்றது. கிழிக்காதே. போகாதே. வக்கீல் வைக்காதே. தம்பியைக் காப்பாற்ற நினைக்கிறவன் சொல்கிற புத்திமதியா இது? ஆணையத்துக்காரர்கள் வந்து அள்ளிக்கொண்டு போக வசதியாக எல்லாவற்றையும் அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார் என்றல்லவா சொல்லியிருக்கிறார்! ஒப்புக்கொண்டு போனவன் மாதிரியே இந்த மனுஷனும் இருந்தான். மாட்டிவிடப்பட்டவனும் அசையாமல்தான் உட்கார்ந்திருப்பான் என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.

மேடத்தின் முகத்தில் ஒரு கணம் என்னவோ வந்து போனது. இப்படி ஒரு போன் போனது அவருக்கும் தெரியாது. ஆனால் எழுந்து நின்றபோது பழைய முகம்தான். "டீக்கு நன்றி" என்றார். டீ வரவே இல்லை.

படியில் இறங்கிக்கொண்டே போனை எடுத்தார். "இடம் காலி" என்றார் பெரியவரிடம். இரண்டே வார்த்தை.

"நல்லது" என்றது பெரியவரின் குரல். அந்தக் குரலுக்குப் பின்னால், ஒரு பெண் குரல் மைக்கில் டோக்கன் எண் ஒன்றைக் கூப்பிட்டது எனக்கும் கேட்டது.

"மேடம், அவர் எங்கே இருக்காரு?"

"ஆணையத்துல. காலையிலேருந்தே அங்கேதான். போய் உக்காந்துக்குங்க, நான் சொன்னதும் பேரைக் குடுங்கன்னு சொன்னதே நான்தான்."

நான் படியிலேயே நின்றுவிட்டேன். "அப்ப நாம இவ்வளவு நேரம் இந்த அப்பாவி கழுத்துக்குக் கயிறு அளந்துகிட்டிருந்தோமா? அந்த ஆளு இவரைக் கட்டிப்போட்டுட்டுப் போயிருக்காரு! நான் மேலே போய்ச் சொல்லிடறேன்."

"என்னன்னு சொல்லுவே? என் கட்சிக்காரர் ரகசியத்தையா? போ. நாளைக்கு மன்றத்து வாசல்ல பழைய இடம் காலியா இருக்கான்னு பாத்துக்கோ."

"உங்களுக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா?"

"நான் அவர்கிட்ட சொன்னேனா இல்லையா? நான் உனக்கு வக்கீல் இல்ல, உன் பேச்சை உனக்கு எதிரா பயன்படுத்துவேன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னேன். சிரிச்சாரு." மேடத்தின் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. "ஒவ்வொரு குடும்பக் கம்பெனியிலேயும் இதேதான், டைப்பிஸ்ட். அந்த எச்சரிக்கையைக் காலண்டர் அடிக்கிற மாதிரி பெருசா அடிச்சு மாட்டினாலும் சிரிப்பாங்க. வண்டியை எடு."

ஆணையத்தின் வரவேற்பறை ஒரு பேங்க் மாதிரி இருந்தது. இரும்பு நாற்காலிகள், டோக்கன் மெஷின், ஒரு கண்ணாடித் தொட்டியில் மீன்கள். பெரியவர் பெயர் கொடுத்தாகிவிட்டது. முதல் இடம் அவருடையது. வாக்குமூல அறைக்கு அழைப்பதற்காகக் காலை ஆட்டிக்கொண்டு காத்திருந்தார். இஸ்திரி மடிப்பு கலையாத மனுஷன்.

"அவனுக்கு ஏதாவது சந்தேகம் வந்துச்சா?" என்று கேட்டார்.

"இல்ல" என்றார் மேடம்.

"வராது. சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்."

என்னால் வாயைக் கட்ட முடியவில்லை. "சார், லிஃப்ட்ல மாட்டிக்கிட்டப்ப நீங்கதான் காப்பாத்தினீங்களாம். பூரிச்சுப்போய்ச் சொன்னாரு. அவரை இப்படி விட்டுட்டு வர உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு?"

பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்தார். நல்ல பல்வரிசை. "அந்தக் கதையை இன்னும் சொல்லிக்கிட்டிருக்கானா? மெயின் சுவிட்சை அணைச்சதே நான்தான்யா. எவ்வளவு நேரம் அழறான்னு பாக்கலாம்னு. அப்பா கார் சத்தம் கேட்டதும் போட்டுவிட்டேன்."

மைக்கில் அவர் எண்ணைக் கூப்பிட்டார்கள். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். "தம்பி ஆபீஸ்ல எல்லாம் அப்படியேதான் இருக்குன்னு இவங்ககிட்ட சொல்லிடலாமில்ல மேடம்? ஒத்துழைச்சதா கணக்காகும்" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனார்.

மேடம் பின்னாலேயே போகவேண்டும். போகவில்லை. மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "பாவி" என்றார் மெதுவாக. யாரை என்று நான் கேட்கவில்லை.

அந்த நேரத்தில் வாசல் கதவை இடித்துக்கொண்டு வந்தார் தாடிக்காரர். மணிக்கட்டில் ஆஸ்பத்திரிப் பட்டை அப்படியே இருந்தது. காலில் ஆஸ்பத்திரிச் செருப்பு. அவருடைய வக்கீல் ஒரு கையால் அவரைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் டோக்கன் மெஷினைக் குத்தினார். மெஷின் காகிதம் சிக்கி நின்றுவிட்டது. பெஞ்சில் தூங்கிய ஊழியர் எழுந்து வந்து மூடியைக் கழற்ற ஆரம்பித்தார்.

நான் மேடத்தின் முன்னால் போய் நின்றேன். "ரெண்டாவது இடம் இன்னும் காலி. சின்னவர் ஆபீஸ் இங்கேருந்து நாலு தெருதான். ஓடி வந்தா ஜெயில் இல்ல மேடம். பசங்க தெருவுக்கு வரமாட்டாங்க."

மேடம் வாக்குமூல அறையின் மூடிய கதவைப் பார்த்தார். தாடிக்காரரைப் பார்த்தார். "ஒரு வாக்கியம் எவனுக்கு வேணாலும் சொல்லலாம். 'உங்களுக்குன்னு தனியா ஒரு வக்கீல் வெச்சுக்குங்க, இப்பவே.' அதுக்கு மேல ஒரு எழுத்து பேசினே, தொலைச்சுடுவேன்." சொல்லிவிட்டு அவரே தன் போனில் எண்ணைப் போட்டு என் கையில் திணித்தார்.

முதல் மணியிலேயே எடுத்தார் சின்னவர். "சொல்லுங்க மேடம்! அண்ணனைப் பாத்தீங்களா?"

"சார், நல்லாக் கேளுங்க. உங்களுக்குன்னு தனியா ஒரு வக்கீல் வெச்சுக்குங்க. இப்பவே. இப்பவே சார்! இப்பவே!" வரவேற்பறையே திரும்பிப் பார்த்தது. அந்த ஒரு வார்த்தைக்குள் எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் அடைத்துவிடப் பார்த்தேன்.

அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. எழுந்துவிட்டான், எழுந்துவிட்டான் என்று என் மனசு குதித்தது.

"நீங்க சொல்றது சரின்னுதான் படுது சார்" என்றார் சின்னவர். "என் சம்சாரமும் காலையிலேருந்து இதையேதான் சொல்றா. கீழ் மாடியிலேயே ஒரு வக்கீல் இருக்காரு."

"போங்க சார்!"

"போறேன், போறேன். அண்ணன்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை கேட்டுடறேன். போன் அடிச்சேன், ஆஃப்ல இருக்கு. எனக்காகத்தான் எங்கேயோ அலைஞ்சுகிட்டிருக்காரு, பாவம். பாத்தீங்கன்னா கூப்பிடச் சொல்லுங்க சார். அதுவரைக்கும் இங்கேயேதான் இருப்பேன்."

டோக்கன் மெஷின் சரியாகிவிட்டது. தாடிக்காரர் சீட்டைக் கிழித்துக்கொண்டு ஜன்னலருகே போய்த் தன் பெயரைச் சொன்னார். இரண்டாவது இடம் காலியாக இருக்கிறது என்று சொல்லி, ஜன்னலுக்குள்ளிருந்த பெண் அந்தப் பெயரை எழுதிக்கொண்டாள்.